நின்ற இடத்தில் ஓடுவது

ஏழு இருபத்திரண்டு. முதல் பூசை முடிந்து அங்கியைக் கழற்றி மாட்டிய கையோடு கொட்டகைக்கு வந்துவிட்டேன், காப்பிகூடக் குடிக்கவில்லை, குடித்திருக்கலாம், வாயில் காப்பி வாடை இருந்தால் வேறு வாடையை யாரும் தேட மாட்டார்கள். எட்டு மணிக்கு இஞ்ஞாசி சாமி வருகிறார். எட்டு என்றால் எட்டுதான், பன்னிரண்டு பங்குகளை மேற்பார்வை பார்க்கிற முதன்மைக் குரு, ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டால் வாசலிலேயே நின்று எட்டான பிறகு உள்ளே வருகிற மனிதர். எட்டரைக்கு இரண்டாம் பூசை. அதற்குள் இந்த இஞ்சின் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், யாரும் தொடாமல், யாரும் முடுக்காமல், நின்ற இடத்தில் ஓட வேண்டும். ஓடினால் நான் தொபியாஸ் சாமி, சிப்பித்துறை யாகப்பர் கோயில் பங்குத்தந்தை, ஓய்வு நேரத்தில் பொம்மைக் கார் ஓட்டுகிறவன், கொஞ்சம் கிறுக்கு, அவ்வளவுதான். ஓடாவிட்டால் நான் குடிகாரன்.

பொம்மைக் கார் என்று சொன்னால் யார் நம்புவார்கள். முழங்கை நீளம், சிவப்பு நிறம், குண்டு குண்டாக நான்கு சக்கரம், ரேடியோ பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று ஓட்டுகிற சாமான். பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் ஒரு வம்பும் இல்லை. இதற்கு நிஜமான இஞ்சின், எலுமிச்சம்பழம் அளவுதான், ஆனால் நிஜமான புகை, நிஜமான சத்தம், நிஜமான தாகம். இது குடிப்பது மெத்தனால், அதாவது ஸ்பிரிட், அதோடு நைட்ரோ என்று ஒன்றையும் விளக்கெண்ணெயையும் கலந்து, ரோஸ் நிறத்தில் கேனில் அடைத்துக் கோயம்புத்தூரிலிருந்து லாரி பார்சலில் வருகிறது, பங்குத்தந்தை, யாகப்பர் கோயில், உடைந்துவிடும் கவனம். மூடியைத் திறந்தால் போதும், பங்கு வீடு முழுக்கச் சாராயக் கடை. பக்கத்துப் பங்குத் திருவிழாக் குலுக்கலில் மூன்றாம் பரிசாக எனக்கு விழுந்தது இந்தக் கார், கப்பலில் வேலை பார்க்கிற யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. எனக்கு வேண்டியது இரண்டாம் பரிசு, மிக்ஸி. மிக்ஸி விழுந்திருந்தால் நான் இன்றைக்கு மதிப்பும் மரியாதையுமாகத் தேங்காய்ச் சட்னி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, முதல் நாள் கடற்கரையில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது, மணலை வாரி இறைத்துக்கொண்டு நண்டையெல்லாம் விரட்டிக்கொண்டு போனபோது, நான் கத்தினேன், நாற்பத்தாறு வயதில் தனியாக நின்று கத்தினேன், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால் எனக்கு ஒரு பயம் உண்டு, இரண்டு பூசையும் முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டில் கறி சாப்பிட்டுத் தூங்கப் போன பிறகு பங்கு வீட்டில் ஒரு நிசப்தம் வரும் பாருங்கள், அந்தப் பயம் அன்றைக்கு வரவில்லை. இந்தக் கார் என்னைச் சாமி என்று கூப்பிடுவதில்லை, மந்திரிக்கச் சொல்வதில்லை, சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை. ஓடும். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நிற்கச் சொன்னால்தான் செத்துப்போகிறது.

சரி. டேங்கை நிரப்பு. கை நடுங்காமல் நிரப்பு. பிளக்கின் தலையில் சூடாக்கியை மாட்டு, கயிற்றை இழு. இழு. இன்னொரு தரம். டிர்ர்ர். பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை, கத்தல், கொட்டகைக் கூரையில் இருந்த புறா இரண்டும் போயின. முடுக்குகிறேன், கத்துகிறது, விடுகிறேன், இறங்க வேண்டும், இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு நிற்கிறது, அப்புறம் மெல்ல இறங்கி, நடந்து, தள்ளாடி, ஒரு விக்கல், செத்தது. பதினெட்டு வினாடி. நேற்று இருபத்தொன்று. முந்தாநாள் பதினாறு. இரண்டு வாரமாக இதே கதைதான். நேற்றுச் சாயங்காலம் ஜெபமாலை முடிந்து வந்து பதினாலாவது தடவை கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. இஞ்ஞாசி சாமி. “தொபியாஸ், உம்ம பங்கு மக்கள்ட்ட இருந்து ஒரு கடுதாசி வந்திருக்கு.” “என்ன கடுதாசி ஃபாதர்?” “போன்ல பேசுத விஷயம் இல்ல. நாளைக்குக் காலைல வாறேன், எட்டு மணிக்கு.” வைத்துவிட்டார். போன்ல பேசுகிற விஷயம் இல்லை. போனில் பேச முடியாத விஷயம் உலகத்தில் எத்தனை இருக்கிறது, ஒரு குருவானவரைப் பொறுத்தவரை இரண்டுதான். ஒன்று எனக்குக் கிடையாது, தூத்துக்குடியில் எதிரே வருகிற பெண்பிள்ளைகளைப் பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுகிற ஆள் நான். மிச்சம் இருப்பது குடி.

அதற்கு ஆதாரம் வேண்டுமா, எத்தனை வேண்டும். என் துண்டில் ஸ்பிரிட் வாடை. என் விரல் நகத்தில் வாடை. போன மாதம் நடுப்பூசையில் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபோது கை கிடுகிடுவென்று ஆடியது, முந்தின சாயங்காலம் இஞ்சின் பிடிக்காமல் கயிற்றை நூறு தடவை இழுத்த கை, முதல் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள், ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள், அவள் இவளைப் பார்த்தாள். காலியான கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன், அதைக் கோயில்பிள்ளை சிலுவைமுத்து எடுத்து மோந்து பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, அங்கி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவன்தான், இரண்டு வருடமாக என் நிழல் மாதிரி இருக்கிறவன், அவன் மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனான், சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அதற்கு அடுத்த ஞாயிறு அங்கியைக் கழற்றும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சாமி, தப்பா நெனைக்கப்புடாது. கொஞ்சம் கொறைச்சிக்கிட்டா நல்லது. ஒங்க ஒடம்புக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.” எதை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயம். அதற்குப் பதில் என்ன செய்தேன், அடுத்த ஞாயிறு குடியைக் கண்டித்து மறையுரை வைத்தேன். குடிகாரன் குடியைக் கண்டிப்பானா, ஊர் யோசிக்கட்டும் என்று வைத்தேன். குடலிலிருந்து ஆரம்பித்துக் கல்லீரல், குடும்பம், குழந்தைகள், ஆன்மா வரைக்கும் போனேன். அடுத்த வாரம் அதன் இரண்டாம் பகுதி. அதற்கு அடுத்த வாரம் மூன்றாவது. நாலாம் வாரம் முடிவுரை. ஊர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, இன்னும் இறுகிப்போய்த்தான் இருந்தது.

ஆக இன்றைக்கு இஞ்ஞாசி சாமி வந்து கேட்கப் போகிறார், வீட்டில் ஸ்பிரிட் கேன் எதற்கு என்று. இதோ இந்தக் காருக்கு என்று நான் சொல்வேன். ஓட்டிக் காட்டும் என்பார். ஓட்டிக் காட்டினால் பதினெட்டு வினாடி, ஒரு விக்கல், பிணம். அவர் என்ன நினைப்பார், குடித்துக் குடித்து அதற்கு ஒரு மறைப்பு வைத்திருக்கிறான், அதையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். ஏழு முப்பத்தொன்று. நாச்சிமுத்துவைக் கூப்பிடு. கோயம்புத்தூரில் இந்தச் சாமான் விற்கிற கடைக்காரர், இன்றைக்கு வரை முகம் பார்த்ததில்லை, ஆனால் இரண்டு வாரத்தில் அவரோடு பேசிய அளவுக்கு நான் என் சொந்த அண்ணனோடு பேசியதில்லை. எடுத்துவிட்டார், நல்ல மனிதர். “சொல்லுங்க சாமி, இன்னும் நின்னு ஓடலீங்களா?” “ஓடல நாச்சிமுத்து.” “பெரிய ஊசி எங்க வெச்சிருக்கீங்க?” ஓட்டத்துக்கு எண்ணெய் விடுவது பெரிய ஊசி, நிற்பதற்கு எண்ணெய் விடுவது சின்ன ஊசி, இரண்டையும் திருகித் திருகி என் கட்டைவிரலில் காய்ப்பு. “பெருசு நீங்க சொன்ன எடத்துலதான். சின்னதை நேத்து அரைச் சுத்து மூடினேன்.” மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “அரைச் சுத்தா? சாமி, அதை அரைச் சுத்தெல்லாம் சுத்தப்படாதுங்க. கால் சுத்துல பாதி. அதுவும் திருப்பிப்போட்டு உக்காந்து யோசிக்கோணும். நீங்க அவசரப்படறீங்க.” அவசரப்படுகிறேன், ஆமாம், கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது என்று உங்களிடம் எப்படிச் சொல்வேன். “முடுக்கி விட்டா சத்தம் ஒடனே எறங்குதுங்களா, மேலயே தொங்குதுங்களா?” “தொங்குது. அப்புறம் எறங்கிச் சாகுது.” பால்காரனோடு பேசுகிற சத்தம் கேட்டது, அரை லிட்டர் போதும் என்றார். அப்புறம், “ஏனுங்க சாமி, இதை முன்னாடியே சொல்லப்படாதுங்களா? அப்படித் தொங்குச்சுன்னா ஊசி மேல தப்பு இல்லீங்க. எங்கியோ வெளிக்காத்து உள்ள போகுதுங்க. ஊசி ரெண்டையும் பழைய எடத்துக்கே கொண்டாந்துபோட்டு, காத்துப் பூர்ற எடத்தைத் தேடுங்க.”

இரண்டு வாரம். இரண்டு வாரமாக ஊசியைத் திட்டியிருக்கிறேன், நல்ல வேளை சத்தமாகத் திட்டவில்லை. சரி, பழைய இடத்துக்குக் கொண்டுவா, முழுக்க மூடி அங்கிருந்து எண்ணித் திற, ஒன்று, இரண்டு, இரண்டரை. காற்று எங்கே புகுகிறது. டேங்க் மூடி, அழுத்திப் பார்க்கிறேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது. கார்ப்பரேட்டர் கழுத்து, அசைத்துப் பார்க்கிறேன், அசையவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம், சோப்பு எங்கே, பாத்திரம் கழுவுகிற இடத்தில். தண்ணீர்? ஜன்னல் மேடையில் ஒரு போத்தல் இருக்கிறது, எடுத்துத் திருகுகிறேன், ஐயோ இது தீர்த்தம், போன வாரம் படகு மந்திரித்துவிட்டு மிச்சம் கொண்டுவந்தது. வைத்துவிடுகிறேன். மறுபடி எடுக்கிறேன். மந்திரிப்பதுதான் மந்திரிக்கிறோம், படகு இஞ்சினுக்குத் தெளித்தால் சரி, இந்த இஞ்சினுக்குத் தெளித்தால் தப்பா, இரண்டும் மனிதன் நம்பி ஏறுகிற, இல்லை, இதில் யாரும் ஏறுவதில்லை. வைத்துவிடு. ஏழு நாற்பத்தொன்று. இன்றைக்கு இரண்டாம் பூசைக்கு மறையுரை வேறு இருக்கிறது, வாசகம் பொறுமையைப் பற்றி, ஏழு தலைப்பு எடுத்து வைத்திருக்கிறேன், பொறுமை என்றால் என்ன, பொறுமை என்று நாம் தவறாக நினைப்பவை என்ன, பொறுமையின் எதிரிகள், அது ஒரு மூன்று, காலைப் பூசையில் நாலாவது தலைப்பு நன்றாக வந்தது, கடைசி இரண்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். வேலை போகப் போகிறது, விரித்துச் சொல்கிறானாம். “சாமி.” சிலுவைமுத்து. வாசலில் நிற்கிறான், உள்ளே வரவில்லை, மூக்கு மட்டும் உள்ளே வந்திருக்கிறது. “ரெண்டாம் பூசைக்கு எத்தன அப்பம் வைக்கட்டும்?” “எப்பவும் போல வையேன்.” போகவில்லை. “இஞ்ஞாசி சாமி வாறாவளாமே.” “ஆமா.” “எல்லாம் நல்லதுக்குத்தான் சாமி. மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதிய.” கண்ணில் ஈரம் மாதிரி ஒன்று தெரிந்தது, போய்விட்டான். யூதாஸ். சேச்சே, அப்படி நினைக்கக் கூடாது, பாவம், பிள்ளைகுட்டிக்காரன், ஊர் சொன்னதைக் கேட்டிருப்பான்.

அடுத்த காலடிச் சத்தம் செருப்புச் சத்தம், டக் டக், ஜெனோவா சிஸ்டர். கடற்கரை ஓரத்தில் மருந்தகம் நடத்துகிற நர்ஸ் சிஸ்டர், இருபது வருடமாக ஊருக்கே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர், குடிகாரர்களின் ஈரலைக் கையால் அமுக்கிப் பார்த்தே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார், அவர் கண்ணில் படாமல் கேனை எங்கே வைப்பது, முட்டிக்குப் பின்னால் தள்ளுகிறேன், அது டணால் என்கிறது. “ஃபாதர், மருந்து அலமாரிச் சாவி உங்ககிட்டயா இருக்கு?” “மேசை டிராயர்ல சிஸ்டர்.” போங்கள், போங்கள் சிஸ்டர். போகவில்லை. உள்ளே வந்து குனிந்து பார்க்கிறார். மூச்சை இழுக்கிறார். “ஆஸ்பத்திரி வாடை அடிக்குது.” கேலியா, நேராகத்தான் சொல்கிறாரா, அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது, ஊசி போடும்போது வலிக்காது என்று சொல்கிற அதே முகம். “இஞ்சின்ல காத்து புகுது சிஸ்டர், எங்கேன்னு தெரியல.” ஏதோ பேச வேண்டுமே என்று சொன்னேன். “ஓட்டுங்க பார்ப்போம்.” இழுத்தேன். பிடித்தது, கத்தியது, அவர் காதைப் பொத்தவில்லை, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார். டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகிற குழாய், நீல நிறம், உள்ளே பார்க்கலாம், சுண்டுவிரலில் பாதி தடிமன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளாட்டம், விக்கல், செத்தது. “என்ன ஃபாதர் நீங்க. குழாய்ல குமிழி குமிழியா வருதே, தெரியலையா? டிரிப்ஸ் போடும்போது இப்படி ஒரு குமிழி வந்தா விட்ருவோமா?” தெரியவில்லை. இரண்டு வாரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியவில்லை. பையிலிருந்து சிறிய கத்தரிக்கோல் எடுத்தார், குழாயை டேங்க் பக்கம் பிடுங்கினார், நுனியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல், வெளிச்சத்தில் பிடித்து வளைத்தால்தான் தெரிகிறது, அந்த அரை இஞ்சை நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் செருகினார். “நீளம் இருக்கு, போதும்.” எழுந்தார். அதுவரை நேராகப் பார்த்த கண் அப்போதுதான் வேறு பக்கம் போனது. “இஞ்ஞாசி ஃபாதர் என்ன சொன்னாலும் வருத்தப்படாதீங்க ஃபாதர். உங்க மேல இருக்கிற பிரியத்துலதான்.” டக் டக் டக். இவருக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்.

ஏழு ஐம்பத்திநாலு. டேங்க் நிரப்பு. சூடாக்கி. கயிறு. முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது, இது ஒரு நாளும் நடந்ததில்லை. சூடேறட்டும், ஓட்டு, ஓட்டு, விரலில் நாவால் ஈரம் தொட்டு இஞ்சின் மண்டையில் ஒரு சொட்டு, ஸ்ஸ், மூன்று எண்ணுவதற்குள் காய்ந்தது, சரியான சூடு. முடுக்கு. விடு. இறங்கியது. தொங்கவில்லை! படி இறங்குகிற மாதிரி இறங்கியது, கீழே போய் நின்றது, பொட பொட பொட பொட, நான் மூச்சு விடவில்லை. குழாயை இரண்டு விரலால் அமுக்கிப் பார், நாச்சிமுத்து சொன்ன சோதனை, எண்ணெயை நிறுத்தினால் கொஞ்சம் சத்தம் ஏற வேண்டும், ஏறியது, உடனே விட்டுவிட்டேன், மறுபடி பொட பொட. கடிகாரத்தைப் பார். இப்போதிலிருந்து. ஐந்து. பத்து. கையைக் கட்டிக்கொள், தொடாதே. பதினைந்து, இருபது, இருபத்திரண்டு, சாதனை முறிந்தது, யாருக்காவது சொல்ல வேண்டும், யாருக்கு, முப்பது, என் அம்மா கடைசி வரை இதயத் துடிப்பை விரலால் எண்ணிக்கொண்டிருப்பாள், நின்றுவிடும் என்று பயம், எண்ணாமல் இருந்தாலும் ஓடும் அம்மா என்றால் கேட்க மாட்டாள், முப்பத்தாறு, வெளியே ஸ்கூட்டர் சத்தம், வந்துவிட்டார், நாற்பது, கேட் கிரீச், இல்லை, இன்னும் எட்டாகவில்லை, அங்கேயே நிற்பார், நிற்கட்டும், நாற்பத்தேழு, ஒரு சின்ன இருமல், இஞ்சினுக்கா எனக்கா, எனக்குத்தான், ஐம்பத்திரண்டு, சாகாதே, கொஞ்சம், கொஞ்சம், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எட்டு மணிக்கு உள்ளே வந்தார். வெள்ளை அங்கி, கறுப்புக் குடை, கக்கத்தில் ஒரு நீளக் கவர். “என்ன ஓய் இது?” “இஞ்சின் ஃபாதர்.” “தெரியுது.” அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் பிடித்துக்கொண்டேன். ஃபாதர், உட்காருங்கள், முழுக்கக் கேளுங்கள், கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள், இதோ இதுதான் கேன், இதோ இதுதான் டேங்க், இதில் இருப்பது குடிக்கிற ஸ்பிரிட் இல்லை, குடித்தால் கண் போய்விடும், உயிரே போய்விடும், என் கண்ணைப் பாருங்கள் எப்படி இருக்கிறது, நன்றாக இருக்கிறதா இல்லையா, குலுக்கலில் விழுந்தது ஃபாதர், எனக்கு மிக்ஸிதான் வேண்டும், கை நடுங்கியது கயிற்றால், துண்டு வாடை புகையால், சிலுவைமுத்து மோந்தது காலி கேன், நாச்சிமுத்துவிடம் கேளுங்கள், சிஸ்டரிடம் கேளுங்கள், குமிழியை அவரே பார்த்தார், பெரிய ஊசி இது, சின்ன ஊசி இது, காற்று புகுந்தால் எப்படித் தொங்கும் என்றால், கொஞ்சம் இருங்கள், அதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஒரு தடவை வாயைத் திறந்தார், நான் விடவில்லை. கடைசியில் நானே மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டார், “யாரு குடிக்கா?” “நான்தான் ஃபாதர். குடிக்கல. குடிக்கிறதா கடுதாசி.” “குடிக்கிறதா எவன் எழுதினான்?” மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “எட்டு பதினொண்ணு. ஒரு கேள்வி கேட்டேன், பதினோரு நிமிஷம் பேசியிருக்கீர்.” கவரை நீட்டினார். “இப்ப எனக்கு நல்லா விளங்குது. வாசியும்.”

வாசித்தேன். மொட்டைக் கடுதாசி இல்லை, அறுபத்தொரு கையெழுத்து. மதிப்புக்குரிய முதன்மைக் குரு அவர்களுக்கு, எங்கள் பாசத்துக்குரிய பங்குத்தந்தையின் மறையுரை ஆழமானது, கருத்துள்ளது, ஆனால் முடிவதில்லை. சராசரி நாற்பத்து மூன்று நிமிடம், போன மாதம் குடியைப் பற்றியது மட்டும் நாலு வாரம், நாலாம் வாரம் ஐம்பத்தேழு நிமிடம், எங்களில் குடிக்காதவர்களுக்கும் குடிக்கலாமா என்று தோன்றிவிட்டது. குழந்தைகள் அழுகின்றன. வயதானவர்கள் சிறுநீரை அடக்கமாட்டாமல் தவிக்கிறார்கள். சாமி தங்கமானவர், அவரை மாற்றிவிடாதீர்கள், கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். முதல் கையெழுத்து ம. சிலுவைமுத்து. மூன்றாவது சிஸ்டர் ஜெனோவா, டாக்டர்கள் போடுகிற மாதிரி கிறுக்கல். நாற்பத்து மூன்று. யார் எண்ணியது, சராசரி எடுத்தது யார், உட்கார்ந்து கூட்டி வகுத்திருக்கிறார்கள் பாவிகள். ஆறுதலாகத்தானே இருக்க வேண்டும், நான் குடிகாரன் இல்லை, யாரும் அப்படி நினைக்கக்கூட இல்லை, ஆனால் அந்த நாற்பத்து மூன்றையே திரும்பத் திரும்ப வாசித்தேன். குருமடத்தில் பேச்சுக்கு முதல் பரிசு வாங்கியவன் நான். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதுகிறேன், ஏழு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் உதாரணம். குடிகாரன் என்று எழுதியிருக்கலாம். அது பொய், பொய்யைத் தாங்கலாம். அப்போதுதான், இவ்வளவு நேரம் பொட பொட என்று ஓடிக்கொண்டிருந்தது நின்றது. “நின்னுட்டுதே ஓய்” என்றார் இஞ்ஞாசி சாமி. “எண்ணெய் தீந்துட்டு ஃபாதர்.” “தீந்தா தானா நின்னிருமா?” “ஆமா ஃபாதர்.” தலையை ஆட்டினார். “நல்ல பழக்கம்.”

எட்டரை மணி அடித்து, பாட்டு முடிந்து, வாசகங்கள் முடிந்து, நான் மறையுரை மேடைக்குப் போகிறேன். இஞ்ஞாசி சாமி கொட்டகையிலேயே இருக்கிறார், கேனைத் தள்ளிவைத்துவிட்டு முட்டியிட்டு உட்கார்ந்து, அந்த ரேடியோ பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வந்துவிட்டேன். ஏழு தலைப்பு எழுதின தாள் பையில் இருக்கிறது, தொட்டுப் பார்க்கிறேன், எடுக்கவில்லை. எதிரே முகங்கள். ஒருத்தி குழந்தைக்குப் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறாள், ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்கிறார், நீண்ட பயணத்துக்கு ரயிலில் இடம் பிடித்தவர்கள் மாதிரி எல்லாரும் சௌகரியம் பண்ணிக்கொள்கிறார்கள், இரண்டு வருடமாக இது எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை. சிலுவைமுத்து என்னைப் பார்க்கவில்லை. சிஸ்டர் பார்க்கிறார். “இன்றைக்கு வாசகம் பொறுமையைப் பற்றி” என்கிறேன். “இரண்டு வருடமாக நீங்கள் என்னிடம் எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கிறீர்கள் என்று எனக்கு இன்று காலையில்தான் தெரியவந்தது. அதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. உங்களுக்கு நன்றி.” அவ்வளவுதான். இறங்குகிறேன். போய் நாற்காலியில் உட்காருகிறேன். பிஸ்கட் பாதியில் நிற்கிறது. பாட்டுக்காரப் பெண் ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்க்கிறாள், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், திறக்கிறேன், எழுந்து விசுவாசப் பிரமாணத்துக்குக் கை குவிக்கிறேன். பெண்கள் எழுகிறார்கள், குழந்தைகள் எழுகிறார்கள். சிலுவைமுத்து முகம் வெளிறிப்போய்ப் பக்கத்து வாசலைப் பார்க்கிறான், திரும்பி என்னைப் பார்க்கிறான், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறான், பூசை நடுவில் அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. வெளியே அவன் குரல் கேட்கிறது. “ஏல! முடிஞ்சிட்டுல! வாங்கல எல்லாரும்! சாமி முடிச்சிட்டாவ!” எவனோ “கேலி பண்ணாதல” என்கிறான். அப்புறம் பெஞ்சு சரியும் சத்தம், டம்ளர் உருளும் சத்தம், திபுதிபுவென்று காலடி. எதிரே பூவரச மரத்தடி டீக்கடையில் மறையுரை முடியக் காத்திருந்தவர்கள் வருகிறார்கள், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, பீடியைக் காலால் மிதித்துவிட்டு, ஒருவர் கையில் பாதி வடை, ஒருவர் சீட்டுக்கட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, இன்னும் வருகிறார்கள், இன்னும், வாசலில் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு. நான் கை குவித்தபடி காத்துக்கொண்டு நிற்கிறேன். என் பங்கில் இத்தனை ஆம்பிளைகள் இருக்கிறார்களா?